கண்ணாடி மாட்டியதோடு வேலை முடியவில்லை

கிட்டப்பார்வைக்காகக் கண்ணாடி அணியும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களுக்கு,



பள்ளி திறந்து ஒரு மாதம் ஆனதும் கண் மருத்துவமனைகளில் பிள்ளைகள் கூட்டம் சேரத் தொடங்கிவிடும். "கடைசி பெஞ்சுக்கு மாத்தினதிலேர்ந்து போர்டு தெரியலங்கிறா", "டிவிகிட்டப் போய் நின்னுதான் பாக்குறான்", "பக்கத்துப் பையன் நோட்டைப் பாத்துத்தான் எழுதுறானாம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறீர்கள். பார்வையைச் சோதித்து, மைனஸ் 1 என்றோ 1.5 என்றோ சீட்டில் எழுதித் தருகிறோம். கண்ணாடியை மாட்டியதும் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிகிறது, உங்களுக்கும் நிம்மதி. அடுத்த வருடம் வரும்போது பவர் ஏறியிருக்கிறது, லென்ஸை மாற்றுகிறீர்கள். அதற்கடுத்த வருடமும் அதேதான். "வளர்ற வயசு, ஏறத்தான் செய்யும்" என்று யாரோ சொல்ல, நீங்களும் அதை ஏற்றுக்கொண்டு வீடு திரும்புகிறீர்கள்.

நான் ஒரு கண் பரிசோதகர். உங்கள் பிள்ளைகளுக்குப் பவர் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. பவர் ஏறுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது என்பதை உங்களிடம் நேராகச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன். ஏறும் வேகத்தைக் குறைக்க வழிகள் உண்டு. அவை ஆய்வுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. பல நம் ஊர்களிலேயே கிடைக்கின்றன. ஆனால் பிள்ளையின் கண் வளர்ந்துகொண்டிருக்கும் சில ஆண்டுகளில்தான் அவற்றால் பயன். அந்த ஆண்டுகள் கழிந்துவிட்டால், எவ்வளவு செலவழித்தாலும் நீண்ட கண்ணைப் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது.

முதலில் கண்ணுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். உடம்போடு சேர்ந்து கண்ணும் வளர்ந்து, பெரியவர்களுக்கு 23 அல்லது 24 மில்லிமீட்டரில் நிற்கும். கிட்டப்பார்வை வரும் பிள்ளைக்கு இந்த வளர்ச்சி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலும் பின்னோக்கி நீள்கிறது. அதனால் தூரத்திலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுகிறது. போர்டு மங்கலாகத் தெரிவது இதனால்தான். கண் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் பவர் சுமார் இரண்டரை முதல் மூன்று வரை ஏறும். நாம் போடும் சாதாரணக் கண்ணாடி, ஒளியைப் பின்னுக்குத் தள்ளி விழித்திரையில் சேர்க்கிறது. பார்வை தெளிவதற்கு அது அவசியம். கண் நீள்வதைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அதற்குக் கிடையாது.

கண் நீண்டால் என்ன, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டால் போயிற்று என்று நினைக்கலாம். ஒரு கரண்டி மாவைச் சிறிய தோசையாக ஊற்றினால் கனமாக வரும். அதே மாவைக் கல் முழுக்க இழுத்தால் ஆங்காங்கே மெலிந்து ஓட்டை விழும். விழித்திரையும் அப்படித்தான். கண் நீள நீள அது இழுபட்டு மெலிகிறது. நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் இதன் விளைவுகள் வெளிப்படும். விழித்திரை பிய்ந்து விலகலாம். கூர்ந்து பார்க்க உதவும் நடுப்பகுதி சிதையலாம். கண் நரம்பைத் தின்னும் குளுக்கோமாவும் உரிய வயதுக்கு முன்பே கண்புரையும் வரும் வாய்ப்பு கூடும். மைனஸ் 6க்கு மேல் போனவர்களுக்கு இந்த ஆபத்துகள் மிக அதிகம். மைனஸ் 2, 3 உள்ளவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க நல்ல பார்வையோடு இருப்பார்கள். உங்களைக் கலங்கடிக்க இதை எழுதவில்லை. ஆனால் ஏறும் ஒவ்வொரு எண்ணுக்கும் கணக்கு உண்டு. பவரில் ஒரே ஒரு எண்ணை, அதாவது ஒரு டயாப்டரை, ஏறாமல் தடுத்தாலும் விழித்திரையின் நடுப்பகுதி பாதிக்கப்படும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறையும் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. முழுக்க நிறுத்த முடியாவிட்டாலும் மெதுவாக்குவது வீண் வேலை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

வயதை நான் அழுத்திச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கிட்டப்பார்வைப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், 15 வயதுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பவர் நிலைத்துவிட்டது. 18 வயதில் நான்கில் மூன்று பேருக்கும், 21 வயதில் பத்தில் ஒன்பது பேருக்கும் நிலைத்தது. ஏழு வயதில் கண்ணாடி போட்ட பிள்ளைக்கு இன்னும் எட்டுப் பத்து ஆண்டுகள் ஏற்றம் காத்திருக்கிறது. சிறு வயதில் அந்த ஏற்றம் வேகமாகவும் இருக்கும். பதின்மூன்று வயதில் மைனஸ் 1 உள்ள பிள்ளையைவிட ஏழு வயதில் மைனஸ் 1 உள்ள பிள்ளைக்காகத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். "சின்னப் பவர்தானே" என்று நீங்கள் ஆறுதல் கொள்ளும் இடத்தில்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

"இருபது வயசானதும் லேசர் போட்டுக்கலாம்" என்பதும் நான் அடிக்கடி கேட்கும் பதில். முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோர், கல்யாணப் பேச்சு தொடங்குவதற்குள் கண்ணாடியை எடுத்துவிடலாம் என்ற கணக்கில் இதைச் சொல்கிறீர்கள். லேசர் சிகிச்சை, கண்ணின் முன்பக்கம் இருக்கும் கருவிழிப் படலத்தைச் செதுக்கி அதன் வளைவை மாற்றுகிறது. கண்ணாடி வேண்டியிருக்காது என்பது உண்மை. ஆனால் பின்னால் இழுபட்டு மெலிந்த விழித்திரை அப்படியேதான் இருக்கும். மைனஸ் 8 இருந்து லேசர் செய்துகொண்டவரின் கண் உள்ளுக்குள் மைனஸ் 8 கண்தான். கண்ணாடி போய்விட்டதால் பரிசோதனைக்கு வருவதையும் நிறுத்திவிட்டால் ஆபத்து கூடத்தான் செய்யும்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. சென்னை சங்கர நேத்ராலயா குழுவினர் தமிழ்நாட்டின் நகர்ப்புற, புறநகர்ப் பள்ளிகளில் 14,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், 17.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. இந்திய நகரங்களில் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் 1999இல் 4.44 சதவீதமாக இருந்தது 2019இல் 21.15 சதவீதம் ஆனது என்றும், இதே போக்கு நீடித்தால் 2050இல் 48 சதவீதத்தைத் தொடும் என்றும் இன்னொரு ஆய்வு கணித்தது. உலக மக்களில் பாதிப் பேர் 2050இல் கிட்டப்பார்வையோடு இருப்பார்கள் என்பது ஆஸ்திரேலியாவின் பிரையன் ஹோல்டனும் அவரது குழுவினரும் செய்த கணிப்பு. பரம்பரை இதில் உண்டு; அம்மா, அப்பா இருவருக்கும் மைனஸ் பவர் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் இருபது ஆண்டுகளில் ஓர் ஊரின் பரம்பரை மாறிவிடாது. மாறியிருப்பது பிள்ளைகளின் ஒரு நாள் கழியும் விதம்.

இதை எனக்குத் தெளிவாக்கியது சிட்னியையும் சிங்கப்பூரையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வு. இரண்டு ஊர்களிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகள், ஆறு ஏழு வயதினர். பெற்றோரின் கிட்டப்பார்வையிலும் பெரிய வேறுபாடு இல்லை. சிங்கப்பூரில் 29.1 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். சிட்னிப் பிள்ளைகள் வாராவாரம் படித்த புத்தகங்கள் உண்மையில் அதிகம். பெரிய வேறுபாடு ஒன்றில்தான் தெரிந்தது: சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணி நேரம். பிள்ளையைப் படிக்க விடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை என்பதை இதை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும். அதே பிள்ளை வெளியிலும் இருக்கட்டும்.

வெளியில் இருப்பதில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் வெளிச்சம்தான். நல்ல விளக்குகள் உள்ள வகுப்பறையில் வெளிச்சத்தின் அளவு 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். மர நிழலில் நின்றாலே அது சில ஆயிரம் லக்ஸ். உச்சி வெயிலில் ஒரு லட்சத்தை எட்டும். பகல் வெளிச்சம் படும்போது விழித்திரையில் டோபமைன் என்ற பொருள் சுரந்து, கண் அளவுக்கு மீறி நீள்வதைக் கட்டுப்படுத்துகிறது என்பது விலங்குகளில் செய்த ஆய்வுகளை ஒட்டிப் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பள்ளிகளிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதப் பிள்ளைகளுக்கும், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. தைவானில் இடைவேளைதோறும் பிள்ளைகளை வகுப்பறையை விட்டு வெளியே அனுப்பிய பள்ளியில் ஓராண்டில் புதிதாக வந்தது 8.41 சதவீதம், ஒப்பிட்ட பள்ளியில் 17.65 சதவீதம். தினமும் 120 நிமிடம் வெளியில் என்ற திட்டத்தைத் தைவான் நாடு முழுக்கக் கொண்டுவந்தது. ஆண்டாண்டாக ஏறிக்கொண்டே போன பார்வைக் குறை, 2012இல் 49.4 சதவீதமாக இருந்து 2015இல் 46.1 சதவீதத்துக்கு இறங்கியது. எண் சிறியதுதான். ஆனால் அதுவரை ஏறிவந்த ஒன்று ஒரு நாடு முழுக்க இறங்கத் தொடங்கியது என்பது சின்ன விஷயமல்ல.

இங்கே ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளி வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தடுப்பதிலும் தள்ளிப்போடுவதிலும்தான் மிக வலுவாக உதவுகிறது. ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்குப் பவர் ஏறுவதை மெதுவாக்கும் அளவு அதைவிடக் குறைவு. அந்தப் பிள்ளைக்கு வெளிச்சத்தோடு வேறு சிகிச்சையும் தேவைப்படலாம். அதனால் ஒரு வேண்டுகோள்: மூத்த பிள்ளை கண்ணாடி போட்டுவிட்டது என்றால், இளைய பிள்ளையை இன்றைக்கே வெளியில் விளையாட விடுங்கள். இளையதற்கும் ஒரு முறை பார்வை சோதித்துவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணில் சிறிதளவு ப்ளஸ் பவர் இருப்பதுதான் இயல்பு. அது 0.75க்கும் குறைவாக இருந்தால், கண்ணாடி தேவைப்படாவிட்டாலும், அந்தப் பிள்ளைக்கு விரைவில் மைனஸ் வரக்கூடும் என்ற முன்னறிவிப்பு அது.

தினமும் இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நான்கு மணிக்குப் பள்ளி விட்டால் ஐந்து மணிக்கு டியூஷன், ஏழு மணிக்கு வீட்டுப்பாடம். இரண்டு மணி நேரமும் ஒரே மூச்சில் கிடைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு நடந்தோ சைக்கிளிலோ போனால் 15 நிமிடம், காலை இறைவணக்கம் மைதானத்தில் நடந்தால் 15, இரண்டு இடைவேளைகளில் பத்துப் பத்து நிமிடம், மதியச் சாப்பாடு வேப்பமர நிழலில் என்றால் 30, மாலையில் தெருவில் விளையாட்டு 45. கூட்டிப் பாருங்கள், 125 நிமிடம் வருகிறது. சித்திரை வெயிலில் பிள்ளையை நிறுத்தச் சொல்லவில்லை. தைவான் ஆய்வாளர்களின் கணக்கில் 1,000 லக்ஸ் அளவு வெளிச்சத்தில் போதிய நேரம் இருந்தாலே பலன் தெரிந்தது. நிழலிலும் தொப்பி போட்டுக்கொண்டும் இருக்கலாம். பிள்ளை சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. மைதானம் இல்லாத அடுக்குமாடி வீடு என்றால் காலை ஏழு மணிக்கு மொட்டை மாடி இருக்கிறது. பாட்டியோ தாத்தாவோ கூட இருந்தால் போதும். பெண் பிள்ளைகள் பத்து வயது தாண்டியதும் வீட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்ற வழக்கம் உங்கள் வீட்டில் இருக்குமானால், அந்தக் குழந்தையின் கண்ணுக்காகவாவது அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிட்ட வைத்துப் பார்க்கும் வேலை. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு சீனாவின் ஃபெய்செங் நகரில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, முந்தைய ஆண்டுகளில் 5.7 சதவீதத்தைத் தாண்டாத ஆறு வயதினரின் கிட்டப்பார்வை 2020இல் 21.5 சதவீதமாக இருந்தது. வீட்டுக்குள் அடைபட்டதும் திரையும் சேர்ந்து வந்தன. 45 ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் வெளியான கணக்கு, திரை பார்க்கும் நேரம் தினமும் ஒரு மணி கூடினால் கிட்டப்பார்வைக்கான சாத்தியம் 21 சதவீதம் கூடுகிறது என்றது. போனைக் கண்ணுக்கு மிக அருகில் பிடிக்கிறார்கள், இடைவிடாமல் பார்க்கிறார்கள் என்பதே இதில் முக்கியச் சிக்கல். பிள்ளையின் பென்சில் பெட்டியோடு வரும் அடி ஸ்கேல் 30 செ.மீ. நீளம். புத்தகத்துக்கும் கண்ணுக்கும் இடையில் அந்த ஸ்கேல் தாராளமாக நிற்க வேண்டும். படுத்துக்கொண்டு படிப்பதை விட்டுவிடட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்த்துவிட்டு வரட்டும். வீடியோ பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் போனைவிட டிவி நல்லது.

இனி சில நம்பிக்கைகள். பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் நல்ல உணவு. தேவைப்படும் வைட்டமின் ஏ கிடைக்காவிட்டால் மாலைக்கண் வரும். ஆனால் கிட்டப்பார்வை சத்துக் குறைவால் வருவதல்ல. நீண்ட கண்ணைக் கீரை சுருக்காது. சமைத்துக் கொடுங்கள், ஆனால் அதை நம்பிக் கண்ணாடியைக் கழற்றி வைக்காதீர்கள். "கண்ணாடி போட்டாத்தான் பவர் ஏறும், அதனால கொஞ்சம் கொறைச்சே போடுங்க" என்றும் கேட்கிறீர்கள். மலேசியாவில் இதைச் சோதித்தார்கள். சில பிள்ளைகளுக்கு முழுப் பவரும், சிலருக்கு 0.75 குறைத்தும் கண்ணாடி தந்து இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். முழுப் பவர் போட்டவர்களுக்கு 0.77 ஏறியது, குறைத்துப் போட்டவர்களுக்கு 1.00 ஏறியது. குறைத்துப் போட்டதில் எந்த நன்மையும் இல்லை, போர்டு மங்கலாகத் தெரிந்ததுதான் மிச்சம். சரியான பவரை நாள் முழுக்கப் போட வேண்டும். பெண் பிள்ளை என்பதற்காக வெளியே போகும்போது கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். கண்ணாடி போட்ட பெண் யாருக்கும் குறைந்தவள் இல்லை என்பதை அவள் முதலில் உங்களிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

மெதுவாக்கும் சிகிச்சைகளுக்கு வருகிறேன். மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, இதற்கென்றே வடிவமைத்த கண்ணாடி. பார்த்தால் சாதாரணக் கண்ணாடி போலவே இருக்கும். நடுவில் முழுப் பவர். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான மிகச்சிறு லென்ஸ்கள் பதிந்திருக்கும். விழித்திரையின் ஓரங்களில் விழும் ஒளியை அவை முன்தள்ளிக் குவிக்கின்றன. 'இன்னும் நீள வேண்டியதில்லை' என்ற சமிக்ஞை கண்ணுக்குப் போகிறது. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் இத்தகைய லென்ஸை இரண்டு ஆண்டுகள் பிள்ளைகளிடம் சோதித்தபோது, பவர் ஏற்றம் 52 சதவீதமும் கண் நீள்வது 62 சதவீதமும் குறைந்தது. வேறொரு வடிவமைப்பைச் சோதித்தவர்கள், தினமும் 12 மணி நேரமாவது அணிந்த பிள்ளைகளுக்கே பலன் கூடுதலாகக் கிடைத்ததைக் கண்டார்கள். வாங்கிப் பையில் வைத்திருந்தால் பயன் இல்லை. ஃபிரேம் வளைந்து மூக்கில் இறங்கிப்போனாலும் பயன் குறையும். அவ்வப்போது கடைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்யுங்கள்.

இரண்டாவது, அட்ரோபின் சொட்டு மருந்து. இரவு படுக்கும் முன் ஒரு சொட்டு. பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு ஊசியில் ஏற்றும் மருந்தாயிற்றே என்று சிலர் அந்தப் பெயரைக் கேட்டதும் பயப்படுகிறீர்கள். அதே மருந்துதான், ஆனால் இங்கே மிக மிகச் சிறிய அளவில் தரப்படுகிறது. ஹாங்காங்கில் 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், ஓராண்டில் 0.05 சதவீத மருந்து பவர் ஏற்றத்தை 67 சதவீதமும், 0.025 சதவீத மருந்து 43 சதவீதமும், 0.01 சதவீத மருந்து 27 சதவீதமும் குறைத்தது. 0.01 சதவீத மருந்து பற்றி முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. இந்தியாவில் நடந்த ஆய்வில் பலன் தெரிந்தது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் தெரியவில்லை. எந்த அளவு, எத்தனை ஆண்டு என்பதைக் கண் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வெயிலில் கண் கூசுவது, கிட்டப் பார்க்கும்போது லேசாக மங்குவது போன்றவை சிலருக்கு வரலாம். வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பவர் நின்றுவிட்டது என்று நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், சில பிள்ளைகளுக்கு மறுபடி வேகமாக ஏறும். ஊமத்தையிலும் இந்த வகைப் பொருள் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, எந்தச் செடியின் சாற்றையும் பிள்ளையின் கண்ணில் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, கான்டாக்ட் லென்ஸ். பகலில் அணியும் மென்மையான வகை ஒன்று உண்டு. அதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தொடங்கும்போது 8 முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 2019இல் அனுமதித்தது. இரவில் மாட்டித் தூங்கி, காலையில் கழற்றிவிடும் கடின வகை ஒன்றும் உண்டு. அது பகல் முழுக்கக் கண்ணாடி இல்லாமல் தெளிவாகப் பார்க்க வைப்பதோடு கண் நீள்வதையும் மெதுவாக்குகிறது. விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைகளுக்கு இவை வசதி. ஆனால் சுத்தம் தவறினால் கருவிழியில் கிருமித் தொற்று வந்து புண்ணாகி, பார்வையே போகும் ஆபத்து உண்டு. கை கழுவித் துடைக்காமல் தொடக் கூடாது. லென்ஸில் குழாய்த் தண்ணீர் படவே கூடாது. தினமும் இரவும் காலையும் உங்களால் உடனிருந்து பார்த்துக்கொள்ள முடியும் என்றால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

இவை தவிர, சிவப்பு ஒளியைக் கண்ணுக்குள் பாய்ச்சும் கருவிகளும் கண்ணாடியை அறவே ஒழிப்பதாகச் சொல்லும் பயிற்சி வகுப்புகளும் விளம்பரத்தில் வருகின்றன. சிவப்பு ஒளிக் கருவியால் ஒரு சிறுமியின் விழித்திரை பாதிக்கப்பட்டது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அத்தகைய கருவியை நீங்களாக வாங்கி வீட்டில் பயன்படுத்த வேண்டாம். கண் பயிற்சிகள் நீண்ட கண்ணைக் குறுக்கியதாகச் சான்று இல்லை.

செலவைப் பற்றியும் பேச வேண்டும். சிறப்பு லென்ஸ்களின் விலை சாதாரண லென்ஸைப் போலப் பல மடங்கு. இரவு கான்டாக்ட் லென்ஸ் அதைவிட அதிகம். பவர் மாறும்போதெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். எல்லாக் குடும்பத்தாலும் முடியாது என்பதை அறிவேன். முடியாதவர்கள் பிள்ளைக்குத் துரோகம் செய்துவிட்டதாக நினைக்காதீர்கள். சொட்டு மருந்துக்கு ஆகும் செலவு இவற்றைவிடக் குறைவு. வெளிச்சத்துக்கும் அடி ஸ்கேல் தூரத்துக்கும் எந்தச் செலவும் இல்லை. அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் பரிசோதனை இலவசம். எல்லாப் பிள்ளைக்கும் எல்லாச் சிகிச்சையும் தேவையும் இல்லை. பதினாறு வயதில் பவர் ஏறாமல் நிற்கும் பிள்ளைக்கு விலை உயர்ந்த லென்ஸை யாராவது விற்க முயன்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எட்டு வயதில் ஒரே வருடத்தில் முக்கால், ஒன்று என்று ஏறும் பிள்ளைக்கு மருத்துவரே எதுவும் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

என்ன கேட்பது என்று எழுதித் தருகிறேன். இந்தப் பவர் கண்ணில் மருந்து விட்டு, கண் பாவையை விரித்துப் பார்த்ததா? பிள்ளைகள் கண்ணை இறுக்கிப் பார்ப்பார்கள். மருந்து விடாமல் பார்த்தால் மைனஸ் கூடுதலாகக் காட்டிவிடும். கண்ணின் நீளத்தை அளந்தீர்களா? கண்புரை அறுவைக்கு முன் பெரியவர்களுக்கு அளக்கும் கருவியிலேயே பிள்ளைக்கும் அளக்கலாம். வலி இல்லை, சில நிமிடங்களில் முடியும். போன முறைக்கும் இந்த முறைக்கும் எவ்வளவு நீண்டிருக்கிறது? இந்த வயதுக்கு அது அதிகமா? மெதுவாக்கும் சிகிச்சை இவனுக்கு வேண்டுமா, எது பொருந்தும், எப்போது நிறுத்துவோம்? ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாருங்கள். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் வையுங்கள். நாங்கள் முடிவெடுக்க அந்த வரிசைதான் உதவும். பிள்ளை மின்னல் வெட்டுவதுபோல் தெரிகிறது என்றோ, கறுப்புப் புள்ளிகள் திடீரென மிதக்கின்றன என்றோ, ஒரு பக்கம் திரை விழுந்தது போல மறைக்கிறது என்றோ சொன்னால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் அன்றைக்கே வாருங்கள்.

கடைசியாக, பள்ளிக் கூட்டங்களில் உங்கள் குரல் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கூட்டம் என்றால் மார்க்கைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருகிறோம். பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள். எடுத்துக்கொண்டால் திருப்பித் தரச் சொல்லுங்கள். இடைவேளையில் பிள்ளைகளை வகுப்புக்குள் உட்கார வைக்காமல் வெளியே அனுப்பச் சொல்லுங்கள். சத்தம் போட்டு ஓடுவதற்காகத் தண்டிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மைதானத்தில் மரம் நடச் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கும் பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி இருக்கிறது. மார்க்கை மட்டும் கேட்டு அந்த நெருக்கடியைத் தந்ததில் நமக்கும் பங்கு உண்டு. கண்ணையும் நாம் கேட்கத் தொடங்கினால் அவர்களுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

இதையெல்லாம் திறந்த மடலாக எழுதுவதற்குக் காரணம், ஒருவர் மட்டும் கேட்டால் நடக்காது என்பதுதான். உங்கள் ஊர் மருத்துவமனையில் பிள்ளையின் கண் நீளத்தை அளப்பது வழக்கமாக இல்லை என்றால், அதுவரை யாரும் கேட்காததும் ஒரு காரணமாக இருக்கலாம். பத்துப் பெற்றோர் கேட்டால் அளப்பார்கள், நூறு பேர் கேட்டால் அதற்கென ஒரு நாளே ஒதுக்குவார்கள். இதற்கான லென்ஸும் மருந்தும் நூறு குடும்பங்களுக்குத் தேவை என்றால் இன்னும் சிறிய ஊர்களுக்கும் வரும்; அரசின் பள்ளிக் கண்ணாடித் திட்டத்தில் இவற்றையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க நமக்கு ஒரு பலம் இருக்கும். அடுத்த முறை பரிசோதனை முடிந்ததும், பவர் எவ்வளவு ஏறியது என்று கேட்டதோடு எழுந்துவிடாதீர்கள். இதை மெதுவாக்க நாம் என்ன செய்யப் போகிறோம் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை உட்கார்ந்திருங்கள். அந்தப் பதிலைத் தர வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் கண் பரிசோதகர்களில் ஒருவர்